ஐம்பதாம் ஆண்டுப் பதிப்பு

பெட்டி வந்த அன்று கிரிம்ஸ்பியில் மழை இல்லை.
டெரிக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு
கூரியர்காரனுக்குக் கையெழுத்துப் போட்டார்.
பிள்ளை பிறந்தபோதுகூட அப்படிக் கழுவவில்லை.

அட்டையில் இருப்பது நான்.
பத்தொன்பது வயது, இரவல் கோட்டு,
பின்னால் மீன் துறைமுகத்தின் ஐஸ் ஆலை.
நிற்கச் சொன்னவன் ஒரு பவுண்டு நோட்டு தந்தான்.
‘டின் ஹார்பர்’ என்றொரு குழு இருப்பதே
எனக்கு அப்போது தெரியாது.

என் இடது தோளில் ஒரு கை.
மணிக்கட்டோடு அட்டை முடிந்துவிடும்.

பத்தாம் ஆண்டில் உள்ளூர்ப் பத்திரிகை இரண்டு வரி போட்டது.
நான் அன்று இரவு ஷிப்டில்
உறைந்த காட் மீனை அறுத்துக்கொண்டிருந்தேன்.
இருபதாம் ஆண்டில் சிடி வந்து
முகம் தபால்தலை அளவாகிவிட்டது.
முப்பதில் நீளக் கோட்டோடு ஒரு அமெரிக்கன் வந்தான்,
அதே இடத்தில் நில்லுங்கள் என்றான்.
பஸ் நிறுத்தத்தை எப்போதோ நகர்த்திவிட்டார்கள்,
ரவுண்டானா ஓரம் நின்றேன்,
லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டே போயின.
நாற்பதில் யாரும் வரவில்லை.
எந்தப் பாட்டை யார் எழுதியது என்று
கிட்டாரும் டிரம்ஸும் கோர்ட்டில் நின்ற வருஷம் அது.

உண்மையைச் சொன்னால்
முழுசாக ஒருமுறை நான் கேட்டதில்லை.
டிரம்ஸ் தலையை வலிக்கவைக்கும்.
இரண்டாம் பக்கம் மூன்றாம் பாட்டு மட்டும் பிடிக்கும்,
கடைசியில் கடற்காகம் கத்துமே, அது.

டெரிக்குக்கு எல்லாம் மனப்பாடம்.
என்னைப் பார்ப்பதற்கு நாலு வருஷம் முன்னால்
டான்காஸ்டரில் ஒரு வாரச் சம்பளத்தில் பாதி கொடுத்து
என்னை வாங்கிச் சுவரில் மாட்டியிருந்தவர்.
கிளீத்தோர்ப்ஸ் நடன அரங்கில் அடையாளம் கண்டு வந்து
முதலில் பார்த்தது முகத்தை அல்ல, தோளை.
“அந்தக் கை யாருது?”
“சித்தப்பா பையன். கனடா போய்ட்டான்.”

அப்படித்தான் அந்தக் கையைக் கனடாவுக்கு அனுப்பினேன்.
அங்கே அது மரம் வெட்டியது, வீடு கட்டியது,
ஒரு கிறிஸ்துமசுக்கு வாழ்த்து அட்டைகூட எழுதியது
(என் கையெழுத்தில், கொஞ்சம் சாய்த்து).
விசாரிப்பதை டெரிக் ஒரு வருஷமும் விட்டதில்லை.

இந்தப் பெட்டியில் நாலு இசைத்தட்டு, ஒரு புத்தகம்,
வெட்டாத நெகட்டிவிலிருந்து முழுப் படம், மூன்று மடிப்பாக.
அவர் ஒவ்வொரு மடிப்பாகப் பிரித்தார்.
கைக்கு முழங்கை முளைத்தது,
முழங்கைக்கு நீலக் கம்பளிச் சட்டை,
சட்டைக்கு மேலே
ஹோல்கர்.

எஸ்பியர்கிலிருந்து வந்த படகு,
எஞ்சின் பழுது, பதினோரு நாள்.
பன்னிரண்டாம் நாள் போய்விட்டது.
அவ்வளவுதான் கதை, அதில் பாட்டு ஒன்றும் இல்லை.

ஆனால் ஐம்பது வருஷமாக எனக்குத் தெரியாத ஒன்று
அந்த மடிப்பில் இருந்தது.
நான் கேமராவைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்,
ஒரு பவுண்டுக்கு.
அவன் கேமராவைப் பார்க்கவே இல்லை.

டெரிக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக் குனிந்தார்.
முதல் பக்கம் ஓடி முடிந்து
ஊசி ஓரத்தில் டக் டக் என்று தட்டியது.
அவர் எழவில்லை. நானும்.
கெட்டிலில் தண்ணீர் கொதித்துத் தானாக அணைந்தது.

“பேஸ் கிட்டாரை நல்லா ஏத்திட்டாங்க,” என்றார் கடைசியில்,
“முன்னாடி இவ்வளவு கேக்காது.”

படத்தைப் பழைய தடத்திலேயே பதமாக மடித்தார்,
தட்டைத் திருப்பிப் போட்டார்,
மூன்றாம் பாட்டில் ஊசியை இறக்கிவிட்டு
எனக்கு முதுகைக் காட்டியபடியே கேட்டார்:

“கனடாவுல இப்போ மணி என்ன இருக்கும்?”

கடற்காகம் வரும்வரை யோசித்தேன்.
“விடிஞ்சிருக்கும்,” என்றேன்.