நீக்கல் பட்டியல்

குறிப்புதவிப் பிரிவில் நிலப்படத் தொகுதிகள்
படுத்துத்தான் இருக்கும்.
நிற்க வைத்தால் முதுகு உடையும்;
உலகம் அவ்வளவு கனம், அட்டை அவ்வளவு மட்டம்.
மூன்று மணிக்கு எழும்பூர் வெயில் உள்ளே வந்து
ஆப்பிரிக்காவை ஒரு பக்கமாக வெளுக்கும்.
எழுந்து திரையை இழுத்துவிடுவேன்.
பதினோரு வருடமாக நான் பார்க்கும்,
எந்த உத்தரவிலும் இல்லாத வேலை இது.

மே மாதம் சுற்றறிக்கை வந்தது:
காலாவதியான தொகுதிகளைக் கண்டறிந்து
காரணத்துடன் பட்டியலிடுக.
காரணம் எழுதும் கட்டம்
கட்டைவிரல் அகலம்.

யுகோஸ்லாவியா: நாடு இல்லை.
சோவியத் ஒன்றியம், இரண்டு பிரதிகள்: நாடு இல்லை.
பர்மா: பெயர் இல்லை.
செங்கற்பட்டு மாவட்டம், தாலுகா வாரியாக,
துணி ஒட்டிய முப்பத்தாறு தாள்கள்:
அந்த எல்லைகளோடு மாவட்டம் இல்லை.
இழவு வீட்டில் கணக்கு எழுதுகிறவள்போல
கை தானாக ஓடியது.

அந்த வாரம்தான் தெய்வசிகாமணி வந்தார்.
லிஃப்ட் மெக்கானிக், ஓய்வுபெற்றவர்.
பிளாஸ்டிக் உறைக்குள் பட்டா, வீட்டு வரி ரசீது,
நாவலேரி ஆக்கிரமிப்பு என்று ஒரு நோட்டீஸ்.
"ஏரி இல்லாத மேப் ஒண்ணு வேணும் மேடம்."
உப்பு போடாத மோர் கேட்பதுபோலக் கேட்டார்.

இருந்தது.
தொண்ணூற்றெட்டில் அச்சான பெருநகரத் தொகுதி,
வழவழத் தாள்.
குறிஞ்சி நகர் விரிவு வெளிர் மஞ்சளில்,
ஒரு சொட்டு நீலம் இல்லாமல்.
(மலையின் பெயரை அங்கே எதற்கு வைத்தார்களோ.
மேடு என்று யாரையாவது நம்பவைக்க இருக்கும்.)
ஜெராக்ஸ் இயந்திரத்தில் பெரிய தாள் அடங்காது.
நான்கு துண்டாக எடுத்து, செலோடேப் ஒட்டி,
சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டு போனார்.
படியில் இறங்கும்போது யாருக்கோ போன் செய்து
"கிடைச்சிருச்சு" என்றார்.

இரண்டு நாள் கழித்து ஜூனியர் வக்கீல் ஸாஜிதா.
செங்கற்பட்டில் பத்தொன்பதாம் தாள் வேண்டுமாம்.
அலமாரியில் இல்லை.
என் மேஜைக்கடியில், நீக்கவேண்டிய கட்டில் இருந்தது.
விரித்தோம். பூச்சி அரித்த ஓரம்,
நடுவில் வெற்றிலை வடிவத்தில் ஏரி.
நகலில் நீலம் சாம்பலாகிவிட்டது.
அதன்மேல் பேனாவால் அவளே எழுதிக்கொண்டாள்:
இது நீர்.

நான் யார் பக்கம் என்று
இருவருமே கேட்கவில்லை.
கேட்டிருந்தாலும் எனக்குத் தெரிந்தது பக்க எண்கள்தான்.
ஆனால் அவள் போனபின்
பட்டியலில் அந்த ஒரு வரியை அடித்தேன்.
அடித்ததற்குக் காரணம் எழுத
படிவத்தில் கட்டம் இல்லை.

கார்த்திகையில் மூன்று நாள் விடாமல் கொட்டியது.
நூலகம் திறந்த நான்காம் நாள்
மின்சாரம் பாதிதான் இருந்தது.
கால்சட்டையைச் சுருட்டிவிட்டபடி தெய்வசிகாமணி.
கணுக்காலில் சேற்றுப்புண்,
கையில் உறை இல்லை, தாள் இல்லை.
"அந்தப் பழசு இருக்காமே. வக்கீலம்மா கோர்ட்ல காட்டினாங்க."

கைகளைச் சட்டையில் துடைத்துத் துடைத்து
ஈரம் போகாமல், கடைசியில்
கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்தார்.
ரயில் பாதையைப் பிடித்தார்.
அதிலிருந்து பிடாரி கோயில், அதிலிருந்து வண்டிப்பாதை.
"இதுதான் எங்க மெயின் ரோடு."
பிறகு மூக்கு தாளைத் தொடும் நெருக்கத்தில்,
எறும்பு அளவு எழுத்தைப் படித்தார்: கலங்கல்.
வெகுநேரம் நிமிரவில்லை.

"எங்க சமையக்கட்டு" என்றார்.
லிஃப்ட் எந்த மாடியில் நின்றுபோனது என்று
சொல்கிறவர் குரலில்.
"தண்ணி வழி தவறி வரலை மேடம்."

வழக்கு என்ன ஆயிற்று என்று நான் கேட்கவில்லை.
அவரும் வீட்டைப் பற்றி மேற்கொண்டு பேசவில்லை.
கலங்கலிலிருந்து கிளம்பிய மெல்லிய கோட்டைக்
கண்ணாலேயே பின்தொடர்ந்தார்:
அடுத்த ஏரி, அதற்கடுத்த ஏரி, கழிவெளி,
அப்புறம் தாளின் விளிம்பு.

"இதுக்கு மேல எங்க போகுது?"

கடல் இருபதாம் தாளில் இருந்தது.
எடுத்து வந்து
பக்கத்தில் பொருத்தி வைத்தேன்.