நானூறு கிலோபிட்

மொத்தம் இருநூற்று இருபத்தைந்து ஜிபி.
இரண்டு கேமரா, சேர்ந்து ஐந்து மணி நேரம்,
நொடிக்கு நூறு மெகாபிட்.
மஞ்சக்குப்பத்தில் என் கடை மின்விசிறியைவிடச்
சத்தமாகச் சுற்றுகிறது ஹார்டுடிஸ்க்.

தேசிங்குக்கு அறுபது எம்பிக்கு மேல் இறங்காது.
தூர்வாரும் கப்பலில் இருக்கிறான், கத்தாருக்கு வெளியே.
வாரத்துக்கு ஒருமுறை
வரிசையில் நின்று வாங்குகிற இணையம்.
தங்கச்சி கல்யாணத்துக்கு லீவு கிடைக்காதவன்.

முதல் பிரதியைப் பார்த்துவிட்டு
சோனாங்குப்பத்திலிருந்து சண்டைக்கு வந்தார் தாய்மாமன் கலிவரதன்.
"4கே-ல எடுத்ததுன்னு காசு வாங்கினியே,
மூஞ்சியெல்லாம் ஊறப்போட்ட கருவாடா இருக்கு."
என் தப்புதான்.
அளவைக் குறைக்க மனசு வராமல்
பிட்ரேட்டை மட்டும் நெரித்திருந்தேன்.
எண்பத்து மூன்று லட்சம் கட்டம் மாமா,
நிரப்ப ஒரு சிரட்டை சாயம் என்றேன்.
கொஞ்சம் யோசித்தார்.
"டன்னு கொள்ற பெட்டியில அரைப் பார் ஐஸு. அதானே?
சின்னப் பெட்டியில போடு. மீனு நிக்கும்."
பத்து வருஷத்தில்
இவ்வளவு சரியாக நான் யாருக்கும் சொன்னதில்லை.

சின்னப் பெட்டி: முந்நூற்று அறுபது.
இருபது நிமிடம், நொடிக்கு நானூறு கிலோபிட்,
அதிலேயே நாதஸ்வரத்துக்கும் பங்கு.
இரண்டு ஓட்டம் விட்டேன்.
முதலில் வெறுமனே பார்த்துக்கொண்டே போகும்,
எங்கே நெரிசல், எங்கே சும்மா என்று.
இரண்டாவதில் பிரித்துக் கொடுக்கும்.

சும்மா இருப்பவை மலிவு.
மண்டபத்துச் சுவர், மடக்கிவைத்த நாற்காலி அடுக்கு;
போன ஃபிரேமில் இருந்தபடியே என்று
ஒரு வரி எழுதி நகர்ந்துவிடும்.
அட்சதை விழுந்தால்தான் மூச்சு முட்டும்,
ஒவ்வொரு அரிசியும் புதுச் செய்தி.
தாலி ஏறின மூன்று நொடியும் சதுரம் சதுரமாக உடைய,
மொய் எழுதும் மேசையிடமிருந்து பிடுங்கி
அங்கே போட்டேன்.

கடலைத்தான் ஒன்றும் செய்ய முடியவில்லை.
தேவனாம்பட்டினத்தில் சாயங்காலம்,
நிலாமதி புறப்படும் முன்
எல்லாரையும் அலைக்கு முதுகு காட்டி நிற்கவைத்து எடுத்தது.
போன அலையை வைத்து
இந்த அலையைச் சொல்ல முடியாது.
நுரைக்கே தீர்ந்துவிட்டது நானூறும்.
முன்னால் பிளாஸ்டிக் நாற்காலியில் அஞ்சாப்புலி,
பெண்ணின் அப்பா.
அசையாமல் உட்கார்ந்தவருக்கு மிச்சம்தான் கிடைத்தது.

மூலத்தில் பார்த்திருக்கிறேன்.
பதினோரு நொடிக்கு அவர் தாடை நடுங்குகிறது,
வெற்றிலை மெல்வதுபோல,
வாயில் ஒன்றும் இல்லை.
அறுபது எம்பியில் அது இல்லை.
மணல் நிறத்தில் மழுங்கின ஒரு கன்னம்.
நடுக்கத்தை இரைச்சல் என்று நினைத்து
வழித்துவிட்டிருக்கிறது மென்பொருள்.
அதைக் குறை சொல்ல முடியாது,
சுருக்கச் சொன்னவள் நான்.

செவ்வாய் இரவு குரல் செய்தி, பின்னால் காற்று:
"அக்கா, எங்கயும் சுத்தாம நிக்காம ஓடுச்சு.
மாமா ஏசினத மனசுல வச்சுக்காதீங்க.
அப்பா அழுதுடுவாருன்னு பயந்துகிட்டே இருந்தேன்.
கல்லு மாதிரி உக்காந்திருக்காரு.
இப்பதான்க்கா நிம்மதி."

மூன்று தடவை தட்டினேன், அழித்தேன்.
கடைசியில் ஒரு கட்டைவிரலை மட்டும் அனுப்பினேன்.

பதினோரு நொடி, சுருக்காமல்,
நூற்று முப்பத்தேழு எம்பி.
தனியாக வெட்டி வைத்திருக்கிறேன்.
கோப்பின் பெயர்:
ஊருக்கு வந்தா.