குறைகள் எழுதும் நிரல்

மாங்குளம் வாடிவீட்டுப் பதிவேட்டில்
பெயர், ஊர், வந்த நேரம், போன நேரம்,
கடைசியாய் ஓர் ஒடுங்கிய நிரல்: குறைகள்.
பெரும்பாலும் நுளம்பு என்று எழுதுவார்கள்.
ஒரு துரை, காகம் என்று மட்டும் எழுதிப் போனார்.

அவர் முதல்முறை வந்தபோது பெயர் எழுதவில்லை.
சார்ஜன்ட் யான்ஸ் எழுதினார்:
பொலிஸ் நால்வர், கைதி ஒருவர்.
கண்டி வீதியில் லொறியின் அச்சு முறிந்த இரவு.
வன்னி முறைக்காய்ச்சல். நடுக்கத்தில்
கைவிலங்கு கட்டில் சட்டத்தைத் தட்டிக்கொண்டே இருந்தது.
கூட்டம் கூட்டமாய்ச் சுதந்திரம் என்று சொன்ன வாய்
தண்ணி என்று சொல்ல நாலுதரம் முயன்றது.

சடையாண்டிதான் பார்த்தான்.
மலைத்தோட்டத்திலிருந்து நடந்து வந்து
என் குசினியில் ஒதுங்கியவன்.
கொயினாவை வாழைப்பழத்தில் புதைத்து ஊட்டினான்.
மிளகு தட்டிப் போட்ட கஞ்சி,
விலங்கு பூட்டிய கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு
விடியும்வரை, அகப்பை அகப்பையாய்.
காலையில் கைதி கேட்டார்:
"உனக்கு என்ன வேணும்?"
சடையாண்டிக்குக் கேள்வி விளங்கவில்லை.
"சட்டி கழுவணும் சாமி" என்றான்.
சார்ஜன்ட் சிரித்தார். கைதி சிரிக்கவில்லை.
"நாடு எங்களுடையதானதும் வருவேன்."

பிறகு நாங்கள் அவரைப் பத்திரிகையில்தான் கண்டோம்,
உப்பு மூட்டையோடு சுற்றிவந்த தாள்களில்:
இன்னொரு சிறை. உண்ணாவிரதம். மனைவி இறந்த செய்தி,
இரண்டு வரி.
ஒருநாள் முழுப்பக்கம், கழுத்துக்கொள்ளாத மாலை,
ஏறும் கொடி.
சடையாண்டி படத்தை வெளிச்சத்தில் பிடித்து
மணிக்கட்டில் தழும்பு தெரிகிறதா என்று தேடினான்.

வந்தார்.
பதினேழு கார். நாட்டின் தலைவர் என்றால்
இத்தனை புழுதி என்று நான் அறிந்திருக்கவில்லை.
வவுனியாவிலிருந்து ஏஜென்ட் மேசைவிரிப்பு அனுப்பினார்.
கூடவே, பழைய சுற்றுநிருபத்தின் இன்னொரு பிரதி:
பிரசை அல்லாதோர் அரச சேவையில் இருக்கலாகாது.
அடியில் அவர் கையொப்பம். அழகான கையெழுத்து.
கடைசி எழுத்தின் வால் தாளைத் தாண்டப் பார்க்கும்.

சடையாண்டியை நான் போன தையிலேயே நிறுத்திவிட்டேன்,
புத்தகத்தில்.
சம்பளம் விறகுக் கணக்கில் போகிறது.

காட்டுக்கோழியைத் தள்ளிவைத்துவிட்டு
கஞ்சி இருக்குமா என்றார்.
இருந்தது. யார் காய்ச்சியதென்று ஏட்டில் இல்லை.
ஒரு வாய். கரண்டியை வைத்துவிட்டார்.
"அவன் எங்கே?"
"தேனெடுக்கக் காட்டுக்குப் போட்டான் ஐயா."
பின்புறம் கோடரி முதிரையில் விழுந்தது.
"யாரோ விறகு பிளக்கிறார்கள்."
"ஓம் ஐயா."
மறுபடி விழுந்தது.
அவர் எண்ணினார் என்று நினைக்கிறேன். நான் எண்ணினேன்.
பதினொன்றில் செயலாளர் மணிக்கூட்டைக் காட்டினார்.

எழுந்தவர் வாசலுக்குப் போகவில்லை,
குசினிக் கதவுக்குப் போனார்.
கை தாழ்ப்பாள்வரை போனது.
திரும்பி வந்து பேனை கேட்டார்.
குறைகள் நிரலில் முள் நெடுநேரம் நின்றதில்
மை ஊறி ஒரு பொட்டு, குன்றிமணி அளவு.
எழுத்து ஒன்றுமில்லை.
செயலாளர் பக்கத்தில் எழுதினார்: திருப்தி.

புழுதி அடங்கியபின் சடையாண்டி வந்தான்.
"கேட்டாரா?"
"கேட்டார்."
"உப்பு சரியாமா?"

மூன்று மாரி கழித்து றேடியோ சொன்னது.
அரைக்கம்பத்தில் கொடி என்று தந்தியும் வந்தது.
வாடிவீட்டில் கம்பமே இல்லை.
சடையாண்டி போய் நேரான பாலை ஒன்றை வெட்டி,
பட்டை உரித்து, குழி தோண்டி நட்டான்.
கயிற்றைப் பிடித்துக்கொண்டு கேட்டான்,
"அரைன்னா எது வரைக்கும்?"
எனக்கும் சரியாகத் தெரியாது.
உன் தலைக்கு மேலே ஒரு முழம் என்றேன்.
அளந்து கட்ட வசதியாய்
அவன் நிமிர்ந்து நின்றான்.