தூக்குவாளி

பட்டுக்கூடு அங்காடியில் தராசு நான்கு.
கணினி ஒன்று. அதுவும் விண்டோஸ்,
அதுவும் யாரோ வியாபாரி தானமாய் விட்டுப்போனது.
என் நிரல் லினக்ஸில் பிறந்து வளர்ந்தது.
காசு கொடுத்துக் கம்பைலர் வாங்க
திம்மராயன் சார் கோப்பில் வழியில்லை.
சும்மா கிடைக்கும் ஜிசிசியோடு
தருமபுரி, பென்னாகரம் சாலை,
டயர்க்கடை மாடியில் நான்காம் ராத்திரி.

இழைகளுக்கு ஒரு நூலகம்.
இழை என்றாலும் நூல்தானே,
நூலுக்கு நூலகம் என்று சொல்லிப் பார்த்தேன்.
சிரிக்க ஆளில்லை.

முதலில் நூற்றுப்பதினோரு பிழை.
பெயர்களைக் கொடுத்த வரிசை பிடிக்கவில்லையாம் லிங்க்கருக்கு.
கடைசியில் இருந்ததை இன்னும் கடைசிக்குத் தள்ளினேன்,
மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொண்டது.

பூட்டு சரி. திறப்பு சரி.
மூன்றாம் தராசின் இழை மட்டும்
எட்டாயிரம் ஓட்டத்தில் ஒருமுறை
எழுந்திருப்பதே இல்லை.
லினக்ஸில் ஒருநாளும் இப்படிச் செய்ததில்லை, சனியன்.

விடியற்காலை ஐந்து.
கீழே மாதையன் பால்வண்டி, ஒரே ஒரு ஹாரன்.
செருப்பைத் தேடிப் படியிறங்குவதற்குள்
அவர் அடுத்த தெரு.
இன்றைக்கும் வரக்காப்பி.

இரண்டாம் மடக்கில் பிடிபட்டது.
கேட்க ஆளில்லாதபோது அடித்த ஹாரனை
எவரும் எடுத்து வைப்பதில்லை.
பிந்தி வந்து நிற்கிறது என் இழை,
போய்விட்ட ஹாரனுக்குக் காதைத் தீட்டிக்கொண்டு,
ஏலம் முடிந்து
கூடெல்லாம் கோணியில் ஏறிப்போன பின்னும்.

அன்று ராத்திரி கேட்டுக் கம்பியில்
தூக்குவாளியை மாட்டினேன்.
பிறகு நிரலுக்கு உட்கார்ந்தேன்:
ஹாரனை நம்பாதே, வாளியைப் பார்.
பால் இருந்தால் எடு.
காலியென்றால் பூட்டைத் திறந்துவிட்டுப் படு;
திறப்பதும் படுப்பதும் ஒரே அசைவாய் இருக்கட்டும்,
நடுவில் ஒரு மூச்சு விட்டாலும்
அந்த மூச்சில்தான் மாதையன் வந்துபோவார்.
சேலம் லாரி எவனாவது அலறி எழுப்பினால்
மறுபடி வாளியைப் பார்.
‘இல்லாவிட்டால்’ என்றிருந்ததை
‘இல்லாதவரை’ என்று திருத்தினேன்.
அவ்வளவுதான் மாற்றம்.

எண்பதாயிரம் ஓட்டம் ஓடவிட்டுத் தூங்கிப்போனேன்.
எழுந்தபோது ஏழரை.
திரையில் பூஜ்யம் தவறு.
வாளியில் ஒரு லிட்டர், மேலே ஆடை கட்டி.
பழக்கத்தில் ஹாரனும் அடித்துவிட்டுத்தான் போயிருப்பார்.

புதன்கிழமை ஏலம்.
நான்கு தராசும் ஒரே நேரம் எடை சொல்ல
ஒன்றையொன்று மிதிக்காமல்
எண்கள் போர்டில் ஏறின.
திம்மராயன் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து
மாட்டி
பார்த்துவிட்டுச் சொன்னார்:

“எழுத்து கொஞ்சம் சின்னதா இருக்கேம்மா.”