பதினோராம் பக்கம்

நான்தான் பென்சிலால் பெருக்கல் குறி போட்டு வைத்தேன்,
பதினேழு இடத்தில்.
லகுமம்மா பேனாவைக் களைக்கொத்துபோல் பிடித்து
ஒவ்வொன்றாகக் கையெழுத்துப் போட்டாள்.
தேன்கனிக்கோட்டையிலிருந்து அஞ்செட்டிக்குக் கடைசி பஸ்.
இருபது நிமிடம் இருந்தது.

நாலு லட்சம் கடன்.
கணக்கில் விழுந்தது
மூன்று லட்சத்து எண்பத்தெட்டாயிரத்து அறுநூற்று அறுபது.
"மிச்சம்?"
"வீட்டுக்கு இன்சூரன்ஸும்மா. நல்லதுதான்."
நல்லதுதான்.
அந்த ஒரு சொல்லில் எட்டுப் பத்திகளை
மடித்துக் கொடுத்துவிட்டேன்.

கட்டாயமில்லை என்பது பதினோராம் பக்கத்தில் இருந்தது,
எள்ளளவு எழுத்தில்.
வேறு கம்பெனியில் எடுக்கலாம் என்பதும்
பிரீமியத்துக்கும் சேர்த்தே வட்டி ஓடும் என்பதும்.
அந்தப் பக்கத்திலும் என் பெருக்கல் குறி இருந்தது.

தை மாதம் கேழ்வரகு வாசத்துக்கு
ஒற்றை யானை வந்தது.
சமையலறைச் சுவரைத் தலையால் ஒரு தள்ளு.
மூட்டை இரண்டு.
அது எதிலும் கையெழுத்துப் போடவில்லை.

சர்வேயர் ஒன்பது படம் எடுத்தார்,
லத்தியையும் சேர்த்து.
அறுபத்திரண்டாயிரம் பாஸானது.
கொத்தனாருக்கு நாள் சொல்லிவிட்டு
மஞ்சள் பையோடு வந்து நின்றாள் லகுமம்மா.
திரையைத் திருப்பிக் காட்டினேன்:
கடன் பாக்கியில் அறுபத்திரண்டாயிரம் குறைந்திருந்தது.
"பணம் எங்க கணக்குலதாம்மா வரும்."

வெகுநேரம் திரையையே பார்த்தாள்.
"அப்போ செவுரு?"

பிறகு, மெதுவாக,
"உங்க காசுக்குத்தான் இன்சூரன்ஸா.
அதுக்கு நான் எதுக்குக் கட்டினேன்?"

கத்தியிருந்தால்
பழகிய பதில் ஒன்று என்னிடம் இருந்தது.
அவள் கத்தவில்லை.

சுவர் இருந்த இடத்தில் இப்போது நீலத் தார்ப்பாய்.
ஐந்தாம் தேதி தவணை
தவறாமல் வருகிறது.

இன்று காலை கெலமங்கலத்திலிருந்து ஒரு தம்பதி.
கோழிக் கொட்டகைமேல் கடன்.
பென்சிலை எடுத்தேன்.
வைத்துவிட்டேன்.
பதினோராம் பக்கத்தைத் திறந்து
நிறுத்தி நிறுத்தி வாசித்தேன்,
சிக்கிய இடங்களில் கன்னடத்தில் இன்னொரு முறை.
கொட்டகை விழுந்தால் பணம் முதலில் எங்களுக்கு
என்ற வரியில்
அந்தம்மா புருஷன் முகத்தைப் பார்த்தாள்.
அவர் பேனா மூடியைத் திரும்பப் போட்டார்.

கண்ணாடி அறைக்குள் மேனேஜர் இருமினார்.
வெறும் இருமல்தானா என்று
சாப்பாட்டு நேரம் வரை
யோசித்துக்கொண்டிருந்தேன்.