இருநூற்றுப் பதினேழு

நவம்பர். ஜீலாங்கில் வடக்குக் காற்று
ஜன்னல் வலையில் ஈக்களை ஒட்டிவைக்கிறது.
திரையில் விடைத்தாள்கள்.
பெயர் கிடையாது, எண் மட்டும்.
தாள் ஒன்றுக்கு ஆறு நிமிடம் என்கிறது வாரியம்.
ஒரு டீ ஆறுகிற நேரம்.

ஆங்கிலத் தேர்வு, மூன்றாம் பகுதி:
இல்லாத நாளிதழில் ஒரு கட்டுரை, கூடவே ஒரு படம்.
யார் பூர்வகுடி என்று யார் சொல்வது?
கட்டுரை கேட்கிறது.
படமோ பதில் தெரிந்ததுபோல் நிற்கிறது:
நெற்றியில் வெண்களிமண், திறந்த மார்பு,
பின்னால் செம்மண் மேடு, விழப்போகும் சூரியன்.
இளைஞன் நம்மைப் பார்க்கவில்லை.
தூரத்தில் எதையோ.

எதை?
இருநூற்றுப் பதினாறு பேர் சொல்லியாயிற்று.
இழந்த நிலத்தை.
முன்னோரை.
வலியை.
ஒருவன் மட்டும் எதிர்காலத்தை என்றான்,
அலுப்பில் அவனுக்கு ஒரு மதிப்பெண் கூடப் போட்டேன்.
சிவப்பு உணர்த்துவது, தாழ்ந்த கோணம் உணர்த்துவது,
வாசகரை இந்நிலைக்கு இட்டுச்செல்வது,
எல்லாம் ஒரே அச்சில் அறுத்த செங்கல்.
அச்சு என்னுடையதும்தான்.
பதினோரு வருடம் பலகையில் எழுதிப்போட்டிருக்கிறேன்.

பிறகு இந்தத் தாள்.

"படத்தில் நிற்பது டேல். என் அண்ணன்.
மில்டூராவில் ஃபிரிட்ஜ் ரிப்பேர் செய்கிறான்.
படமெடுக்க வந்தவருக்கு அவனைக் கண்டதும்
முகம் கொஞ்சம் விழுந்தது.
டேலுக்குச் செம்பட்டை முடி.
காரிலிருந்து களிமண் எடுத்துவந்தார்.
எங்கள் மண் இல்லை, டப்பாவில் விலைச்சீட்டு இருந்தது.
பின்னாலுள்ள மேடு சாலை போடக் கொட்டியது.
அவன் பார்ப்பது நெடுஞ்சாலை வறுவல் கடையை.
எங்கள் டோக்கன் நாற்பத்தொன்று.
படத்தை விற்றதை யாரும் எங்களிடம் சொல்லவில்லை.
இன்று, இந்த மேசையில், தாளைத் திருப்பியபோது பார்த்தேன்."

ஒரு வரி இடம் விட்டிருக்கிறாள்.
அப்புறம் நிதானமாக, பரீட்சைக் கையெழுத்தில்:
"வாசகர் ஏற்கெனவே நம்புவதையே
படம் அவருக்குத் திருப்பி விற்கிறது.
கட்டுரை எங்கள் பக்கம். படமும் எங்கள் பக்கம்.
அதுதான் கஷ்டம்.
கீழே வலது மூலையில் ஒரு விரல்நுனி. அது நான்.
அவன் வேலைச் சட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.
என்னை வெட்டியவர் விரலை மறந்துவிட்டார்."

படத்தைப் பெரிதாக்கினேன்.
இன்னும் பெரிதாக்கினேன்.
களிமண் புள்ளிகளானது, சூரியன் கட்டங்களானது,
மூலையில்
உரிந்த நீலச் சாயத்தோடு ஒரு நகம்,
பக்கத்தில் கண்ணைக் குத்தும் மஞ்சள் துணி,
பட்டாணி அளவு.
இருநூற்றுப் பதினாறு முறை
இதே மூலைமேல்தான் சுட்டியை நகர்த்தியிருக்கிறேன்.

விதி நான்கு: தரப்பட்ட பகுதிக்கு வெளியேயுள்ள
செய்திகளுக்கு மதிப்பெண் இல்லை.
டேல் என்று ஒருவன் இருக்கிறானா, தெரியாது.
கெட்டிக்காரப் பிள்ளைகள் எதையும் உண்டாக்குவார்கள்.
பதினேழு வயதில் நான்
ஒரு தேர்வுக்காக அக்காவைச் சாகடித்தேன்.
எனக்கு அக்காவே இல்லை.
ஆனால் விரல் வெளியே இல்லை.
உள்ளேதான் இருக்கிறது, ஓரமாக.

க்ளெனிஸைக் கூப்பிட்டேன்.
"விதியைப் படி, கோரின்," என்றாள். அவள் வீட்டு நாய் குரைத்தது.
"விரல் தெரிகிறதா, பாரேன்?"
தட்டும் சத்தம். நெடுநேரம் ஒன்றுமில்லை.
"அடக் கடவுளே," என்றாள்,
"இந்தப் படத்தைத் தேர்ந்தெடுத்த குழுவில் நானும் இருந்தேன்."

எட்டு போட்டேன்.
அடுத்தவர், யாரென்று எனக்குச் சொல்லமாட்டார்கள், மூன்று.
இவ்வளவு இடைவெளி இருந்தால்
தாள் மூன்றாவது ஆளிடம் போகும்.
அவருக்கும் ஆறு நிமிடம்.

டீயில் ஆடை படிந்துவிட்டது.
இருநூற்றுப் பதினெட்டு திறக்கிறது:
தொலைவில் பதிந்த அவனது பார்வை
இழந்த நிலத்துக்கான ஏக்கத்தை...

எண்ணெய் பொரிகிற எங்கோ ஒரு கடைக்குள்ளிருந்து
ஒரு பெண் கத்துகிறாள்,
நாற்பத்தொன்று!
யாரப்பா நாற்பத்தொன்று?