பதினோராம் நாள், ஒரு மில்லி

மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை.
இரவு இரண்டு மணி.
மூன்றாவது இன்குபேட்டரில்
நிலோஜினியின் பிள்ளை.
பெயர் இன்னும் வைக்கவில்லை.
சீட்டில் தாயின் பெயரும்
தொளாயிரத்து எண்பது கிராமும்.

வயிற்றைச் சுற்றி நாடா வைத்து அளக்கிறேன்.
நேற்று இருபத்திரண்டு, இன்று இருபத்தொன்றரை.
அரைச் சென்ரிமீட்டர் குறைந்ததை
இந்நேரம் யாரை எழுப்பிச் சொல்வது?

பத்து நாளைக்கு முன்
குழாயில் பச்சையாய் வந்தது.
எக்ஸ்ரேயில் குடற்சுவருக்குள்
சவர்க்கார நுரைபோல் குமிழிகள்.
‘வாயால் ஒன்றும் கொடுக்க வேண்டாம்’
சிவப்பு மையில் எழுதி ஒட்டியது நான்தான்.

அதற்குப் பிறகும் அவள் வந்தாள்,
மூன்று மணித்தியாலத்துக்கு ஒருக்கா,
தையல் இழுக்க, சுவரைப் பிடித்துப் பிடித்து.
பிழிந்தாள். போத்தலில் திகதி எழுதினாள்.
ஃபிரிட்ஜில் இடமில்லை.
“குடிக்காத புள்ளைக்கு எதுக்கு மிஸ் இவ்வளவு?”
பஞ்சுக் குச்சியில் ஒரு சொட்டு நனைத்து
கன்னத்தின் உட்பக்கம் தடவச் சொன்னேன்.
நாக்கு அசைந்தது.
பிறகு அவள் அதைக் கேட்கவில்லை.

டிலக்சன் வெல்லாவெளித் தயிர்க்காரன்.
முட்டிகளை இறக்கிய கையோடு வந்து
கண்ணாடிக்கு வெளியே நிற்பான்.
பக்கத்துப் பிள்ளைக்கு நான் கரைத்த பொடியை
ஒருநாள் கண்டுவிட்டான்.
“என்ன மருந்து அது?”
“மருந்தில்லை. நல்ல கிருமி.”
“கிருமியா? நாங்க முட்டிக்குள்ள விக்கிறதும் அதுதானே!
அப்ப என்ட மகனுக்கு?”

டொக்டர் ஹஸ்மியா மறைக்கவில்லை.
சில ஆய்வு கொடு என்கிறது,
சில ஆய்வு யோசித்துக் கொடு என்கிறது.
புண்பட்ட குடலில் நல்ல கிருமியும்
இரத்தத்துக்குள் இறங்கிவிடலாம்.
முதலில் ஆறட்டும்.

அவன் காலால் தரையைத் தேய்த்தான்.
“விளங்குது டொக்டர்.
வேலி அறுந்து கிடக்கக்குள்ள
நல்ல எருமையும் வேளாண்மைக்குள்ளதான் பூரும்.”
(டொக்டர் இதை இப்போது
மாணவர்களுக்குச் சொல்லிக்கொண்டு திரிகிறார்.)

இன்று கடமைக்கு வந்ததும்
அந்தச் சிவப்புத் தாளைக் கிழித்தேன்.
ஒரு மில்லி. தாய்ப்பால் மட்டும்.
சிரிஞ்சை அழுத்தவில்லை,
உயர்த்திப் பிடித்தேன், தன்பாட்டில் இறங்கட்டும் என்று.
நிலோஜினி மூச்சுகளை எண்ணினாள்.
அவனுடையதையா, தன்னுடையதையா, தெரியாது.

இப்போது குழாயை இழுத்துப் பார்க்கிறேன்.
பச்சை இல்லை.
இன்னொரு மில்லி.

விடிய முன் பம்பஸ் மாற்றப் போனால்
புளியங்கொட்டை அளவில் ஒன்று.
இரத்தம் இல்லை. வெளிச்சத்தில் பிடித்தேன்,
முகர்ந்தும் பார்த்தேன்.
கொப்பியில் அதற்கு இரண்டே சொல்:
மலம், சாதாரணம்.

வாவிப் பக்கம் தோணியின் எஞ்சின் சத்தம்.
டிலக்சனுக்குப் போன் எடுத்தேன்.
“உங்கட மகன் கக்கா இருந்திட்டார்.”
அந்தப் பக்கம் ஏதோ விழுந்து உடைந்தது.
“முட்டிதான் மிஸ், அது கிடக்கட்டும்.
என்ன நிறம் எண்டு சொல்லுங்க.”